திரைப்படத்தின் நாட்காட்டியும் விளையாட்டின் காலமும்: ‘ஈ.டி.’ (1982) குறித்த ஒரு மறுவாசிப்பு

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய ‘ஈ.டி.’ 1982 ஜூன் மாதம் அமெரிக்காவில் வெளியானது. பூமியில் தனித்துவிடப்பட்ட வேற்றுலக உயிருக்கும் ஒரு சிறுவனுக்கும் உருவாகும் நட்பைச் சொல்லும் இப்படம், ஒரு தலைமுறையின் இளமை நினைவுகளில் நிலைபெற்றது. அவ்வாண்டு இறுதியில் அட்டாரி நிறுவனம் அதே பெயரில் ஒரு காணொளி விளையாட்டை வெளியிட்டது. அவ்விளையாட்டு இதுவரை உருவானவற்றுள் மிக மோசமானது என்றும், 1983இல் அமெரிக்கக் காணொளி விளையாட்டுச் சந்தை சரிந்ததற்கு அதுவே காரணம் என்றும் வெகுசன எழுத்துகள் தொடர்ந்து கூறிவருகின்றன. முதற்கூற்று சுவை சார்ந்தது. அதனை விவாதிப்பதால் பயனில்லை. இரண்டாவது வரலாற்றுக் கூற்று. சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை.

அட்டாரி அப்போது வார்னர் கம்யூனிகேஷன்ஸ் குழுமத்தின் துணை நிறுவனமாக இருந்தது. படத்தின் உரிமையை வார்னர் 2 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகைக்குப் பெற்றதாகக் கூறப்படுகிறது. அப்பேச்சுவார்த்தை முடிந்தபோது ஜூலை இறுதி ஆகிவிட்டது. கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கார்ட்ரிட்ஜ்கள் கடைகளைச் சென்றடைய வேண்டுமெனில், சில்லுகள் தயாரிக்கப்படும் காலத்தையும் கணக்கிட்டு, நிரல் செப்டம்பர் 1க்குள் முடிந்தாக வேண்டும். ஹோவார்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்தவை ஏறத்தாழ ஐந்து வாரங்கள். இதே வார்ஷா ‘ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ படத்தை விளையாட்டாக்கப் பல மாதங்கள் எடுத்துக்கொண்டவர். இரண்டும் அட்டாரி 2600 என்னும் ஒரே கருவிக்கு, ஒரே 8 கிலோபைட் அளவில் எழுதப்பட்டவை. அக்கருவியின் தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட். ஆகவே, குறையைக் கருவியின் மீதோ நிரலாளர் மீதோ சுமத்துவது பொருந்தாது. வேறுபட்டது காலம் மட்டுமே.

பேக்-மேன் போன்ற ஒன்றைச் செய்யலாமே என ஸ்பீல்பெர்க் கேட்டதாகவும், தாம் அதனை ஏற்கவில்லை என்றும் வார்ஷா பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். சிதறிக் கிடக்கும் தொலைபேசியின் மூன்று உறுப்புகளைத் தேடிச் சேர்த்து வீட்டுக்குச் செய்தி அனுப்புதல் என அவர் அமைத்த ஆட்டம், படத்தின் கருவுக்கு நெருக்கமானதே. ஆட்டக்காரர்களைச் சலிப்படையச் செய்தவை அதிலுள்ள குழிகள். பாத்திரம் பக்கவாட்டுத் தோற்றத்திலும் நிலம் மேலிருந்து காணும் தோற்றத்திலும் வரையப்பட்டிருந்தன. கால் தரையில் இருப்பதாகத் தோன்றும்போதே தலை குழியின் ஒரு புள்ளியைத் தொட்டால் பாத்திரம் உள்ளே விழுந்துவிடும். சோதித்துத் திருத்த அவகாசம் இருந்திருந்தால் எளிதில் நீங்கியிருக்கக்கூடிய குறை இது.

பிற்கால ஒப்பீடு ஒன்று இதனைத் தெளிவாக்கும். ‘கோல்டன்ஐ’ திரைப்படம் 1995இல் வந்தது. ரேர் நிறுவனத்தின் விளையாட்டு 1997 ஆகஸ்டில்தான் வந்தது. படத்தின் பரபரப்பு அடங்கிய பின்னர் வெளிவந்தும் அது 80 லட்சம் பிரதிகளைக் கடந்து விற்றது.

இனிச் சந்தைச் சரிவுக்கு வரலாம். வார்னர் தனது வருவாய் வளர்ச்சி எதிர்பார்ப்பை 50 விழுக்காட்டிலிருந்து 10–15 விழுக்காடாகக் குறைத்து அறிவித்தது 1982 டிசம்பர் 7ஆம் நாள். பங்கு விலை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீழ்ந்தது. விற்பனைப் பருவம் முடிந்து, விற்காத ஈ.டி. பிரதிகள் கடைகளிலிருந்து திரும்பத் தொடங்கும் முன்பே நிகழ்ந்தது இது. தேவைக்கு மிஞ்சிய உற்பத்தி, பிற நிறுவனங்கள் கட்டுப்பாடின்றி வெளியிட்ட ஆட்டங்கள், விலை குறைந்துவந்த வீட்டுக் கணினிகள் ஆகியவை அதற்கு முன்னரே சந்தையை அழுத்திக்கொண்டிருந்தன. ஏறத்தாழ 40 லட்சம் ஈ.டி. பிரதிகள் தயாரிக்கப்பட்டதாகப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது; பெரும்பகுதி விற்காமல் தேங்கியது அந்நிறுவனத்தின் சுமையைக் கூட்டியது என்பதில் ஐயமில்லை. கூட்டியதும் தோற்றுவித்ததும் ஒன்றல்ல.

1983 செப்டம்பரில் டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோவிலிருந்து லாரிகளில் வந்த அட்டாரி சரக்குகள் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ நகரக் குப்பைக் கிடங்கில் கொட்டப்பட்டுக் கான்கிரீட்டால் மூடப்பட்டன. நாளிதழ்கள் அப்போதே பதிவுசெய்த இந்நிகழ்வு, பின்னர் “விற்காத ஈ.டி.களின் புதைகுழி” என்னும் கதையாகச் சுருங்கியது. 2014 ஏப்ரல் 26 அன்று தொல்லியலாளர்கள் முன்னிலையில் நடந்த அகழ்வில் சுமார் 1,300 கார்ட்ரிட்ஜ்கள் வெளியே எடுக்கப்பட்டன. அவற்றுள் ஈ.டி. இருந்தது, ஆனால், அது ஒரு பகுதியே. ‘சென்டிபீட்’, ‘மிசைல் கமாண்ட்’ என நன்கு விற்பனையான, விமர்சகர்கள் பாராட்டிய ஆட்டங்களும் அதே குழியில் கிடந்தன. தோல்வியுற்ற ஒரு படைப்பு மட்டுமே புதைக்கப்பட்டிருந்தால் அவை அங்கு இருக்கக் காரணமில்லை. புதைக்கப்பட்டது ஒரு கிடங்கின் மிகுதிச் சரக்கு.

ஆயினும், அக்குழியிலிருந்து வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத் தொகுப்புக்குத் தேர்ந்து அனுப்பப்பட்ட கார்ட்ரிட்ஜ் ‘ஈ.டி.’தான்.