அந்தமான் மரமும் குடியேறியோர் கொட்டகையும்

பிறந்த மண்ணை விட்டு வேற்றிடம் சென்று குடியேறுவோர் முதலில் கற்க வேண்டியது அவ்விடத்து மொழி என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். உழுது பிழைக்கச் சென்றவர்களுக்கோ மொழிக்கு முன்பே கற்க வேண்டிய பாடம் ஒன்று இருந்தது. எம்மரம் தூணாகும், எம்மரம் கறையானுக்கு இரையாகும், எது ஆணியை ஏற்கும், எது ஆணியையே வளைத்துவிடும் என்பதை அறியாதவர் தம் மாட்டுக்கு ஒரு தொழுவமும், நெல்லுக்கு ஒரு களஞ்சியமும், கொப்பரை உலர்த்த ஒரு கொட்டகையும் எழுப்ப இயலாது. அந்தமான் தீவுகளில் இப்பாடம் எவ்வாறு கற்கப்பட்டது என்பதை இங்கே காண்போம்.

1858 மார்ச் மாதத்தில் கைதிகளைக் கொண்ட முதற்கப்பல் அங்குச் சேர்ந்தபோது, தீவுகளை அடர்ந்த காடு மூடியிருந்தது. காட்டை வெட்டுவதும், வெட்டிய மரத்தால் குடிசைகளும் பண்டகசாலைகளும் கட்டுவதுமே கைதிகளின் தொடக்ககாலத் தொழில்களில் முதன்மையானவை. 1883-ஆம் ஆண்டில் வனத்துறை அமைந்தது. அதே ஆண்டில், போர்ட் பிளேயர்த் துறைமுகத்திலுள்ள சாத்தம் என்னும் சிறுதீவில் மரம் அறுக்கும் ஆலையும் தோன்றியது. போர்ட் பிளேயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. சாத்தமோ பழைய பெயரிலேயே வழங்குகிறது. காட்டில் வீழ்த்திய மரங்களை யானைகள் கடற்கரைக்கு இழுத்து வந்தன. அங்கிருந்து அவை நீர்வழியே ஆலைக்குச் சென்றன. 1942-இல் ஜப்பானியர் வீசிய குண்டு விழுந்த பள்ளம் ஆலை வளாகத்தில் இன்றும் காட்டப்படுகிறது.

அம்மரங்களின் பெயர்களிலேயே தீவின் வரலாறு பொதிந்திருக்கிறது. படாக், பின்மா என்பவை பர்மியச் சொற்கள். தூப் என்பது இந்திச் சொல். எவ்வெந்நாட்டார் அக்காடுகளில் உழைத்தனர் என்பதற்கு இப்பெயர்களே சான்று. சோட்டா நாகபுரியிலிருந்து ராஞ்சித் தொழிலாளர் வந்தனர். 1925-இல் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் வந்து மாயாபந்தர்ப் பகுதியில் குடியேறினர். பெயர் வேறாயினும் இம்மரங்களுள் பல நமக்கு உறவு முறையே. படாக் நம் வேங்கைக்கு நெருங்கிய இனம். சுக்லம் என்பது மருதின் குடும்பத்தைச் சார்ந்தது. பளிங்குபோல் வரியோடிய அந்தமான் சலவைமரம் கருங்காலிக்கு உறவு. கொக்கோ என்று ஆலையில் விற்கப்பட்டது நம் வாகைமரமேயன்றி வேறில்லை! தச்சுத்தொழில் அறிந்த தமிழர் ஒருவர் அங்குச் சென்றால், பெயரால் மயங்கினாலும் மரத்தைத் தொட்டதும் தெளிந்துவிடுவார்.

நாடு விடுதலை பெற்ற பின்னர் குடியேற்றத்தின் தன்மை மாறியது. 1949 முதல் கிழக்கு வங்கத்து அகதிக் குடும்பங்கள் அங்கே குடியமர்த்தப்பட்டன. சமவெளியில் 5 ஏக்கர் நெல்வயலும், மேட்டில் 5 ஏக்கர் நிலமும் ஒரு குடும்பத்திற்கு அளிக்கப்பட்டன. பின்னர்க் கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் சில குடும்பங்கள் சென்றன. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் இடம் பெற்றன. 1969 முதல் பெரிய நிக்கோபாரின் கேம்பல் பே பகுதியில் குடியேறிய முன்னாள் படைவீரர்களிலும் தமிழர் இருந்தனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தீவுகளின் மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்.

காட்டைத் திருத்தி வயலாக்கிய குடியானவருக்கு மரம் வாசலிலேயே கிடந்தது. அறுத்த பலகையோ தொலைவிலிருந்து வரவேண்டும். ஆகவே வீழ்ந்த மரத்தை வீட்டருகிலேயே அறுப்பது இயல்பாயிற்று. இம்முறை நமக்குப் புதிதன்று. அடிமரத்தைக் குழியின்மேலோ உயர்ந்த முட்டின்மேலோ ஏற்றி, கரி தோய்த்த நூலை அடித்துக் கோடிட்டு, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று நீண்ட வாளை இழுப்பர். மேலே நிற்பவர் கோட்டைக் காப்பார். கீழே நிற்பவர் தூளை முகத்தில் ஏற்பார்.

அறுத்த சட்டத்தை உடனே பொருத்துதல் ஆகாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழியும் தீவில் பச்சைமரம் மெல்லத்தான் உலரும். கர்ஜன் மரம் உலரும்போது முறுக்கிக்கொள்ளவும் வெடிக்கவும் கூடும். படாக் அவ்வளவு எளிதில் திருகுவதில்லை. அதன் செந்நிற வயிரத்தைக் கறையானும் விரைவில் அண்டாது. எனவே தூணுக்கும் உத்திரத்திற்கும் படாக் ஏற்றது. தூணின் அடியை மண்ணில் புதைக்காமல் கல்லின்மேல் நிறுத்துதல் நன்று. புதைத்தால் ஈரம் ஏறி அடி இற்றுப்போகும்.

ஆணியின் கதை தனிக்கதை. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1830-களில், ஆலையில் அறுத்த மெல்லிய சட்டங்களையும் இயந்திரத்தில் செய்த மலிவான ஆணிகளையும் கொண்டு விரைவாக வீடெழுப்பும் முறை பரவியது. அங்கே பயன்பட்ட மரம் மென்மரம். சுத்தியலின் அடிக்கு ஆணி இறங்கிவிடும். இன்று காற்றழுத்தக் கருவி நொடிக்கு ஓர் ஆணியைச் செலுத்துவதும் அத்தகைய மரத்தில்தான் எளிது. படாக் போன்ற வன்மரத்தில் துரப்பணத்தால் முன்துளை இடாமல் அடித்தால், ஆணி வளையும். இல்லையேல் சட்டம் பிளக்கும். அன்றியும் கடற்காற்றின் உப்பு இரும்பை அரித்துவிடும்; துத்தநாகம் பூசிய ஆணியே சற்று நிலைக்கும். ஆதலால் பளு தாங்கும் மூட்டுகளில் துளையும் கழுந்துமாகப் பொருத்தி மரமுளை அடிப்பதும், வரிச்சலுக்கும் பக்கப்பலகைக்கும் மட்டும் ஆணியை நம்புவதும் தக்க முறையாகும். மூலைகளில் சாய்வுச் சட்டம் கொடுத்தால் கொட்டகை காற்றுக்கு ஒருபுறம் சாயாது.

இவ்வுறுதிக்கு இயற்கையே இருமுறை சோதனை வைத்தது. 1941 ஜூன் 26 அன்று பெரும் நிலநடுக்கம் தீவுகளைக் குலுக்கியது. 2004 டிசம்பர் 26 அன்று அதனினும் பன்மடங்கு பெரிய நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தன. மூட்டுகள் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும் மரச்சட்டக் கட்டடங்கள் அதிர்ச்சியைப் பெரும்பாலும் தாங்கின. முறையாக வலுப்படுத்தாத கற்கட்டடங்களும் கான்கிரீட்டுக் கட்டடங்களுமே மிகுதியாகச் சேதமுற்றன. ஆயினும் பேரலைக்கு எதிரே மரச்சட்டமும் தப்பவில்லை. நிக்கோபார்த் தீவுகளில் கரையோர ஊர்கள் பல முற்றிலும் அழிந்தன. தென் அந்தமானில் நிலம் தாழ்ந்து, சிப்பிகாட் முதலிய இடங்களில் குடியேறியோர் வயல்களில் கடல்நீர் புகுந்து நின்றது.

இங்கே ஓர் உண்மையை நாம் மறைத்தல் கூடாது. குடியானவரின் கொட்டகைக்கு மரம் தந்த காடு ஆளில்லாக் காடு அன்று; தென், மத்திய அந்தமான் காடுகள் ஜாரவா மக்களின் வேட்டைநிலம். 1957-இல் அவர்களுக்கெனக் காப்புநிலம் வரையறுக்கப்பட்ட பின்னரும் குடியேற்றமும் மரவெட்டும் அதன் எல்லைகளை நெருக்கின. ஒருவருக்கு வாழ்வளித்த கோடரி மற்றொருவரின் வாழ்விடத்தைக் குறைத்தது. நிலமிழந்து வந்த அகதிகளே அறியாமல் பிறர் நிலத்தைச் சுருக்க நேர்ந்தது இவ்வரலாற்றின் துயரமாகும்.

2002 மே 7 அன்று இந்திய உச்சநீதிமன்றம் இதற்கு ஒரு வரம்பு கட்டியது. தீவு மக்களின் உண்மைத் தேவைக்கன்றி இயற்கைக் காட்டு மரங்களை வெட்டலாகாது என்றும், பழங்குடியினர் காப்புநிலத்தில் வெட்டவே கூடாது என்றும், மரத்தைத் தீவுகளுக்கு வெளியே கொண்டுசெல்லலாகாது என்றும் ஆணையிட்டது. ஒருகாலத்தில் வாசலில் கிடந்த மரம் அருமைப்பொருளாயிற்று.

இந்நிலையில் முளையடித்த பழைய மூட்டின் பயன் மேலும் தெளிவாகிறது. ஆணியால் இறுக்கிய சட்டத்தைப் பிரிக்கும்போது மரம் பிளந்து வீணாகும். கழுந்தும் முளையும் கொண்ட சட்டத்தையோ, முளையைத் தட்டி எடுத்துப் பிரித்து, வேறிடத்தில் மீண்டும் நிறுத்தலாம். நன்கு பேணிய படாக் தூண் தந்தை கட்டிய கொட்டகையிலிருந்து மகன் கட்டும் கொட்டகைக்குச் செல்லும். அதற்காகக் காட்டில் மற்றொரு மரம் விழ வேண்டுவதில்லை. வேற்றுமண்ணில் வேரூன்றும் எவரும், நாமும்தான், அம்மண்ணிடமிருந்து எடுப்பதை நெடுநாள் நிற்குமாறு பயன்படுத்துவதே அதற்குச் செய்யும் மரியாதை.