1,285 ஓட்டு

மலருக்கு ஒரு கட்டுரை கொடுங்கள் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது, மெஷினையும் மோட்டாரையும் தவிர நமக்கு என்ன தெரியும் என்றுதான் முதலில் தயங்கினேன். பிறகு, 2009ஆம் ஆண்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தாத்தாவிடம் கேட்ட ஒரு சரித்திரம் நினைவுக்கு வந்தது. வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

அது உலகமெங்கும் பொருளாதார மந்தம் நிலவிய நேரம். கேம்பஸ் இண்டர்வியூவில் தேர்வாகி, கையில் ஆர்டரும் வாங்கியிருந்த எனக்கு, 'இப்போது எடுப்பதற்கில்லை' என்று ஒரு நிறுவனம் இரண்டே வரியில் எழுதிவிட்டது. தெருவெல்லாம் ஸ்வீட் கொடுத்தாயிற்று! தெப்பக்குளம் பக்கம் போகவே வெட்கம். பத்து நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன்.

விருதுநகர் பஜாரில் வத்தல் மண்டியில் கணக்கு எழுதி ஓய்ந்தவர் என் தாத்தா. ஒருநாள் சாயங்காலம் கூப்பிட்டு உட்கார வைத்தார். "ஏலே, முன்னப்பின்ன தெரியாதவன் உன்னை வேண்டாம்னான். காமராஜரைச் சொந்த ஊரே வேண்டாம்னுச்சு தெரியுமா? அதுல என் ஓட்டும் ஒண்ணு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நம் ஊரில் 1903 ஜூலை 15இல் பிறந்தவர் காமராஜர். 1952இல் ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியும், 1957, 1962 ஆகிய ஆண்டுகளில் சாத்தூர் சட்டமன்றத் தொகுதியும் அவரைத் தேர்ந்தெடுத்தன. 1954 முதல் ஒன்பதாண்டுகளுக்கு மேல் முதலமைச்சர். 1963இல் அந்தப் பதவியைத் தாமாகவே விட்டுவிட்டு அகில இந்தியக் காங்கிரஸ் தலைவரானார். 1964இல் சாஸ்திரியும் 1966இல் இந்திரா காந்தியும் பிரதமரானதில் அவர் பங்கு பெரிது. அப்பேர்ப்பட்டவர் 1967இல் விருதுநகரிலேயே நின்றார். எதிர்த்து நின்றவர், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்நின்ற இளைஞர் பெ.சீனிவாசன். முடிவு: சீனிவாசன் 33,421, காமராஜர் 32,136. வித்தியாசம் வெறும் 1,285 ஓட்டு!

"ஏன் தாத்தா போடலை?" என்று கேட்டேன். "அரிசி கிடைக்கலைப்பா. ரூபாய்க்கு மூணு படி அரிசின்னு அந்தக் கட்சியில சொன்னாங்க. எங்களுக்கு வயசு அப்படி, இந்திப் பிரச்சினை வேற. அவர் மேல கோபம் இல்லை, ஆட்சி மேல கோபம். தப்புன்னும் சொல்ல மாட்டேன், சரின்னும் சொல்ல மாட்டேன்" என்றார்.

இந்த இடம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. வேண்டாம் என்றவர்களுக்கும் ஒரு காரணம் இருந்தது. முதலமைச்சர் பக்தவத்சலமே அந்தத் தேர்தலில் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். காற்று அப்படி அடித்தது. அதற்காகக் காமராஜரின் பள்ளிக்கூடங்களும் மதிய உணவும் பொய்யாகிவிடவில்லை. தோல்வியை மக்களின் தீர்ப்பு என்று ஏற்றுக்கொண்டு அவர் தம் வேலையைத் தொடர்ந்தார்.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தலைவர் நேசமணி 1968இல் மறைந்ததால் நாகர்கோவில் நாடாளுமன்றத் தொகுதிக்கு 1969 ஜனவரியில் இடைத்தேர்தல் வந்தது. ஆளுங்கட்சி எதிரணியை ஆதரித்தும், காமராஜர் 1 லட்சத்து 28 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 1971இல் மறுபடியும் அங்கேயே ஜெயித்தார். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டில் அவர் கட்சிக்குக் கிடைத்த ஒரே நாடாளுமன்ற இடம் அதுதான். 1975 அக்டோபர் 2இல் மறையும்வரை அந்தத் தொகுதியின் உறுப்பினராகவே இருந்தார்.

"நம்ம ஊர் வேண்டாம்னா நாகர்கோவில் இருக்குலே. ஆனா அங்க போய் நிக்கணும். திண்ணையில உட்கார்ந்தா ஓட்டு விழாது" என்றார் தாத்தா.

மறுவாரம் சிவகாசிக்கு பஸ் ஏறினேன். அந்த ஊர்த் தொழிலே, அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததில் தொடங்கியதுதானே! தீப்பெட்டிக்குப் பிறகு பட்டாசு, லேபிள் ஒட்டும் தேவையால் அச்சுத் தொழில் என்று ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தது. ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் மெஷின் பராமரிப்பு வேலை கிடைத்தது. டிகிரிக்கு ஏற்ற சம்பளம் இல்லை. முதல் ஆறு மாதம் அழுகைதான். ஆனால் ரோலரும் பேரிங்கும் கையில் பிடிபட்டது அங்கேதான். மூன்று வருஷம் கழித்து வெளியூரில் வேலைக்குப் போனபோது, இண்டர்வியூவில் கேட்டதெல்லாம் அந்த அனுபவத்தைப் பற்றித்தான்.

தாத்தா இப்போது இல்லை. காமராஜர் நினைவு இல்லத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்த 1,285 ஓட்டும், அதில் அவர் போட்ட ஒன்றும் ஞாபகம் வரும்.

ஆர்டர் வராத தம்பி, தங்கைகளே, திண்ணையை விட்டு எழுந்திருங்கள். மூத்த நண்பர்களே, நம் ஒவ்வொருவர் கம்பெனியிலும் ஒரு நாகர்கோவில் இருக்கலாம். காலியிடம் வந்தால் சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

வளர்க நம் கல்லூரி!