பாடசாலை வாயிலில் ஒரு மொழிப் பரீட்சை

1927ஆம் ஆண்டில் மவுரர் என்னும் சுவிற்சர்லாந்துக் கல்வி நிபுணர் ஒருவர் மேல் சிலேசியாவின் போலந்துப் பகுதிக்கு அனுப்பப்பட்டார். அங்குள்ள சிறுவர்கள் ஜேர்மன் மொழியிற் கற்பிக்கப்படும் பாடங்களை விளங்கிக்கொள்ள வல்லவரா என்பதைச் சோதித்தறிவதே அவர் பணி. பரீட்சையிற் தேறாதவர்க்கு ஜேர்மன் சிறுபான்மையோர் பாடசாலையில் இடமில்லை என்பது ஏற்பாடு. சில ஆண்டுகளின் பின், அப்பரீட்சையின் பெறுமதி யாது என்ற வினா ஹேக் நகரின் நிரந்தர சர்வதேச நீதிமன்றத்தின் முன் வந்தது. ஆசிரியரின் தீர்ப்பை நீதிபதிகள் எடைபோட நேர்ந்த இச்சம்பவம் கல்வித்துறையினர் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

மேல் சிலேசியா நிலக்கரியும் இரும்பும் மலிந்த நிலம். 1921 மார்ச்சில் நடைபெற்ற வாக்கெடுப்பின் பின் அது ஜேர்மனிக்கும் போலந்துக்குமிடையே பிரிக்கப்பட்டது. எல்லை வகுத்தாயிற்று, ஆனால் மக்களை அவ்வாறு வகுத்தல் இயலவில்லை. பலர் வீட்டிற் பேசியது இலக்கியப் போலிஷ் மொழியுமன்று, இலக்கிய ஜேர்மனுமன்று. ஜேர்மன் சொற்கள் விரவிய ஒரு வட்டார வழக்கு. இதனை உணர்ந்தே 1922 மே 15இல் கைச்சாத்தான ஜெனீவா உடன்படிக்கை ஒரு புதுமையான விதியை வகுத்தது. பிள்ளையின் மொழி யாது என்பதை அதன் கல்விக்குச் சட்டப்படி பொறுப்பானவர் கூறினாற் போதும். அக்கூற்றை அதிகாரிகள் சரிபார்த்தலோ மறுத்தலோ ஆகாது என 131ஆம் பிரிவு விதித்தது.

1926ஆம் ஆண்டில் போலந்து அதிகாரிகள் ஜேர்மன் பாடசாலைகளுக்கு வந்த விண்ணப்பங்களை விசாரணை செய்து, ஆயிரக்கணக்கானவற்றை நிராகரித்தனர். சுரங்கங்களும் ஆலைகளும் பெரும்பாலும் ஜேர்மன் முதலாளிகள் வசமிருந்தமையால், தொழிலாளர் தம் பிள்ளைகளை ஜேர்மன் பாடசாலைக்கு அனுப்புமாறு நெருக்கப்படுகின்றனர் என்பது போலந்தின் முறைப்பாடு. அது வெறுங் கற்பனை எனத் தள்ளிவிடத்தக்கதன்று. விவகாரம் சர்வதேச சங்கத்தின் மன்றத்தை அடைந்தபோது, மன்றம் ஒரு நடுவழியை நாடியது. 1927 மார்ச் 12ஆம் திகதிய தீர்மானத்தின் விளைவே மவுரரின் பரீட்சை. இது விதிவிலக்கான ஏற்பாடு மாத்திரமே, உடன்படிக்கையை மாற்றுவதன்று என்றும் அத்தீர்மானத்திலேயே குறிக்கப்பட்டது. பின்னர் எழுந்த வாதம் முழுவதும் இக்குறிப்பைச் சுற்றியே சுழன்றது எனலாம்.

ஜேர்மனி 1928 ஜனவரியில் வழக்குத் தொடுத்தது. ஏப்ரல் 26இல் வழங்கப்பட்ட தீர்ப்பு இரு தரப்பாருக்கும் பாதி வெற்றியே தந்தது. பெற்றோரின் கூற்று வெறும் விருப்பமாக இராது உண்மை நிலையைக் கூறுவதாக இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். இது போலந்தின் வாதம். எனினும் அவ்வுண்மையைச் சோதிக்கும் உரிமை அதிகாரிகளுக்கில்லை என்றும் கூறியது. இது ஜேர்மனியின் வாதம். மேலெழுந்தவாரியாக நோக்குவோர்க்கு இது முரண்பாடாகத் தோன்றும். வீடுதோறும் சென்று இனமும் மொழியும் விசாரிப்பதால் விளையும் கேடு, சில பொய்க் கூற்றுக்களை ஏற்பதால் விளையும் கேட்டினும் பெரிது என்பதே விதியின் உட்கிடை என்பது எம் கருத்து.

தீர்ப்பு வந்த பின்னரும், மவுரரின் பரீட்சையிற் தவறிய பிள்ளைகளின் நிலை தீரவில்லை. அவர்களுக்கு ஜேர்மன் தெரியாதென முன்னரே நிரூபிக்கப்பட்டுவிட்டது என்றது போலந்து. 1931 ஜனவரியில் சங்கத்தின் மன்றம் நீதிமன்றத்தின் ஆலோசனை அபிப்பிராயத்தைக் கோரியது. சங்க உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு இதற்கு இடமளித்தது. அபிப்பிராயம் தீர்ப்பன்று, எவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆயினும் 1922 முதல் 1935 வரை அந்நீதிமன்றம் வழங்கிய 27 அபிப்பிராயங்களும் பெருமதிப்புப் பெற்றிருந்தன.

1931 மே 15இல் விடை கிடைத்தது. பரீட்சையைக் காரணங்காட்டி அப்பிள்ளைகளுக்கு இனிமேல் அனுமதி மறுத்தலாகாது என்பதே அது. போலந்து நீதிபதி ரொஸ்ற்வொரொவ்ஸ்கி மாத்திரம் மாறுபட்டார். மவுரர் தவறிழைத்தார் என நீதிமன்றம் கூறவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. தற்காலிகமான ஏற்பாடு ஒன்றின் பெறுபேறு உடன்படிக்கை தந்த உரிமையை என்றென்றைக்கும் அழித்துவிடாது என்பதே அதன் நிலைப்பாடு.

ஆசிரியர் நோக்கில் இதனை இன்னொரு வகையாகவும் கூறலாம். இப்பிள்ளை இன்று இப்பாடத்தைப் பின்பற்றுமா என்பது ஆசிரியர் விடையளிக்கத்தக்க வினா. இப்பிள்ளை எச்சமூகத்தைச் சார்ந்தது என்பது அவரிடம் கேட்கத்தகாத வினா. மவுரர் முன்னதற்கு அளித்த விடையை அரசாங்கம் பின்னதற்குரிய விடையாகப் பயன்படுத்திக்கொண்டது. அன்றியும், ஆறு வயதில் ஒரு மொழியறியாத பிள்ளை பத்து வயதிலும் அவ்வாறே இருக்கும் என்று கொள்வது பாடசாலை எதற்காக உள்ளது என்பதையே மறந்த வாதமாகும்.

பதினைந்து ஆண்டுக்கெனச் செய்யப்பட்ட ஜெனீவா உடன்படிக்கை 1937 ஜூலையில் காலாவதியாயிற்று. 1939 செப்டெம்பரில் ஜேர்மன் படைகள் எல்லையைக் கடந்தபோது, 1927இல் மவுரர் முன் நின்ற சிறுவருள் இளையோர் பதினெட்டு வயதை எட்டிக்கொண்டிருந்தனர்.