ஓடுவதும் ஓட்டுவதும்

‘ரன்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதி 645 பொருள்களைப் பிரித்துக் காட்டுகிறது. பெயர்ச்சொல்லாக வரும் ‘ரன்’ இந்தக் கணக்கில் இல்லை. இது வினைக்கு மட்டும். அந்தப் பதிவைப் புதுப்பித்து எழுதிய அகராதிக்காரர் பீட்டர் கில்லிவருக்கு அந்த ஒரு சொல்லுக்கே ஒன்பது மாதம் பிடித்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்கு இருந்தது. ஏறத்தாழ 430 பொருள்கள். மூன்றாம் பதிப்பு வேலையில் 2000இல் ‘மேக்’ முந்தியது, 2007இல் ‘புட்’ முந்தியது, 2011இல் ‘ரன்’ எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளியது.

நம் பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் ‘ரன் என்றால் ஓடு’ என்று மனப்பாடம் செய்கிறார்கள். அதில் தவறொன்றுமில்லை. ஆனால் அந்தச் சமன்பாட்டை வைத்துக்கொண்டே பத்தாம் வகுப்புக்கும் கல்லூரிக்கும் போகிற பிள்ளை, ஒரு பெண்மணி ஹோட்டலை ‘ரன்’ செய்கிறார் என்று படிக்கும்போது திகைத்துப்போகிறது. அந்தத் திகைப்புக்குக் காரணம் பிள்ளையின் மந்தபுத்தி அல்ல. ஆங்கிலத்துக்குள் நடந்த ஒரு பழைய இணைப்பு அது; அதை யாரும் வகுப்பில் சொல்லித் தருவதில்லை.

இத்தனை பொருள் எப்படி வந்தது என்று கேட்டால் வழக்கமாகக் கிடைக்கும் பதில், எந்திரங்கள். தொழிற்புரட்சிக் காலத்தில் நீராவி எஞ்சின், தறி, ரயில், கடிகாரம் எல்லாம் இந்த வினையைத் தமதாக்கிக்கொண்டன என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அது பாதிக் கதை. எந்திரங்கள் வருவதற்கு முன்பே அந்தச் சொல் வாசலை அகலமாகத் திறந்து வைத்திருந்தது.

அதன் வேரைத் தேடிப் போனால் முதலில் கண்ணில் படுவது தண்ணீர். ஜெர்மன் மொழியில் இன்றும் ‘ரின்னன்’ என்றால் நீர் வழிந்தோடுவது. ஆங்கிலத்திலும் ஆறு, கண்ணீர், மூக்கு, துணிச்சாயம் எல்லாமே ‘ரன்’ ஆகின்றன. நாம் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டோம்: ஆறு ஓடுகிறது, கண்ணீர் வழிகிறது, மூக்கு ஒழுகுகிறது, சாயம் போகிறது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் சிற்றாறுக்கே ‘ரன்’ என்றுதான் பெயர். 1861இல் உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை நடந்த வர்ஜீனியாவின் ‘புல் ரன்’ அப்படிப்பட்ட ஓர் ஓடைதான். ‘ஓடு’ என்பதிலிருந்து நமக்கு ‘ஓடை’ கிடைத்த மாதிரியே.

பாலாடைக்கட்டி செய்யப் பாலில் சேர்க்கும் ‘ரென்னட்’ என்ற பொருளின் பெயரும் இதே வேரில் பிறந்தது. பாலில் சிதறிக் கிடப்பதையெல்லாம் ஒன்றாக ஓடிச் சேர வைப்பது அது. ஓடுவது என்ற சொல்லிலிருந்து உறைய வைக்கும் ஒரு பொருளுக்குப் பெயர் வந்ததை நினைக்க எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பழைய ஆங்கிலத்தில் இருந்தது ஒரு வினை அல்ல, இரண்டு. தானே ஓடுவதற்கு ‘இர்னன்’. குதிரையை ஓட வைப்பதற்கு, அதன்மேல் ஏறி விரட்டுவதற்கு ‘ஆர்னன்’. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது உடனே புரியும்: தன்வினை, பிறவினை. ஓடு, ஓட்டு. ஆடு, ஆட்டு. உருள், உருட்டு. திரும்பு, திருப்பு. ஜெர்மானிய மொழிக் குடும்பம் முழுவதிலும் இந்த இணை இருந்தது. ஜெர்மனில் வழிந்தோடும் ‘ரின்னன்’ ஒருபுறம். முதலில் ‘ஓட வை’ என்று பொருள்பட்டுப் பிறகு ஆள் ஓடுவதற்கு வந்துவிட்ட ‘ரென்னன்’ இன்னொருபுறம். இங்கிலாந்தில் வைக்கிங்குகளின் மொழியும் வந்து கலந்தது. ஒலிகள் நெருங்கின, உருபுகள் தேய்ந்தன. இடைக்கால ஆங்கிலத்தில் இரண்டு வினையும் ஒரே உருவத்துக்குள் போய் அடங்கிவிட்டன. அதன் பிறகு ஓடுபவரும் ‘ரன்’, ஓட்டுபவரும் ‘ரன்’.

இந்த இணைகளில் சில ஆங்கிலத்தில் இன்னும் பிழைத்திருக்கின்றன. மரம் விழுந்தால் ‘ஃபால்’, வெட்டி வீழ்த்தினால் ‘ஃபெல்’. எழுந்தால் ‘ரைஸ்’, எழுப்பினால் ‘ரெய்ஸ்’. உட்கார்ந்தால் ‘சிட்’, உட்கார வைத்தால் ‘செட்’. ஆம், 1989இல் அகராதியின் மிக நீண்ட பதிவாக இருந்த அதே ‘செட்’ பிறப்பால் ஒரு பிறவினை. ஆங்கிலத்தின் இரண்டு பெரிய சொற்களும் தன்வினை–பிறவினை என்ற இந்தப் பழைய ஏற்பாட்டின் மிச்சங்கள் என்பது எந்திரக் கதையை விட ஆழமான விஷயம் என்று நான் நினைக்கிறேன்.

ஒரே சொல் இரண்டு வேலையும் செய்யத் தொடங்கியதும் பொருள் பெருகுவதற்குத் தடையே இல்லாமல் போயிற்று. குதிரை ஓடியது; குதிரையை ஓட்டினார்கள். கப்பல், தபால் வண்டி, மாவு ஆலை என்று அது பரவியது. பிறகு ரயில் வந்தது. தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியபோது நம் மக்களும் தயங்காமல் ‘ஓடுகிறது’ என்றுதான் சொன்னார்கள். மோட்டார் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, திரையரங்கில் படம் ஓடுகிறது. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ படம் மூன்று தீபாவளி கண்டது பற்றிப் பேசும்போது எல்லாரும் அது ‘ஓடியது’ என்றுதான் சொல்வார்கள். இதுவரை இரு மொழியும் கைகோத்து வருகின்றன.

பிரிவது கடை விஷயத்தில். ஆங்கிலேயர் கடையை ‘ரன்’ செய்கிறார். நாம் கடையை நடத்துகிறோம். நட என்பதன் பிறவினை நடத்து. பள்ளிக்கூடம் நடத்துகிறார், பத்திரிகை நடத்துகிறார், குடும்பம் நடத்துகிறார். உரிமையாளர் நடத்துகிறார், வாடிக்கையாளர் வந்தால் கடை ஓடுகிறது. வராவிட்டால் ‘கடை ஓடலைங்க’ என்று பெருமூச்சு விடுகிறார். இதற்குள் இன்னொரு நுட்பமும் உண்டு. ‘குடும்பம் நடத்துறேன்’ என்றால் அதில் ஒரு நிமிர்வு இருக்கிறது. ‘எப்படியோ குடும்பத்தை ஓட்டிக்கிட்டிருக்கேன்’ என்றால் கையில் காசில்லை என்று அர்த்தம். ‘பொழுதை ஓட்டுறேன்’ என்பதிலும் அதே சலிப்பு. ஆங்கிலம் ஒரே சொல்லில் போட்டு மூடிவிட்ட இடத்தில் தமிழ் ஒரு மனிதரின் பொருளாதார நிலையையே சொல்லிவிடுகிறது. ‘இந்தப் பெண்மணி ஒரு ஹோட்டலை ஓட்டுகிறார்’ என்று மொழிபெயர்ப்பவர்கள் அந்த அம்மாளின் வியாபாரத்தை அறியாமலே நொடிக்க வைக்கிறார்கள்.

தேர்தல் இன்னும் சுவையானது. அமெரிக்காவில் வேட்பாளர் ‘ரன்’ செய்கிறார். பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார். நம் ஊரிலும் நிற்பதுதான். ‘அண்ணன் எந்தத் தொகுதியில நிக்கிறாரு?’ என்று கேட்கிறோமே தவிர, எங்கே ஓடுகிறார் என்று கேட்பதில்லை. அமெரிக்க வழக்கில் குதிரைப் பந்தயத்தின் வாடை அப்படியே இருக்கிறது. துணை அதிபர் வேட்பாளரை அவர்கள் ‘ரன்னிங் மேட்’ என்பார்கள். தன் லாயத்தின் இன்னொரு குதிரைக்கு வேகம் பிடித்துக் கொடுக்கக் களத்தில் இறக்கப்படும் குதிரைக்குத்தான் முதலில் அந்தப் பெயர்.

கிரிக்கெட்டில் இந்தச் சொல் நம் எல்லார் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஆரம்ப காலத்தில் ஆட்டக்காரர்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி முடித்ததும், கணக்கு வைப்பவர் கையிலிருக்கும் குச்சியில் கத்தியால் ஒரு வெட்டுப் போடுவார். ஓர் ஓட்டம், ஒரு வெட்டு. ‘ஸ்கோர்’ என்ற சொல்லுக்கே வெட்டுக்குறி என்றுதான் மூலப்பொருள். ஆடுமாடு எண்ணியவர்களின் குச்சியிலிருந்து வந்தது. பிறகு குச்சி போய்க் காகிதம் வந்தது. ‘ரன்’ ஒரு செயலின் பெயராக இருந்தது போய் ஓர் அலகின் பெயராகிவிட்டது. பந்து எல்லைக்கோட்டுக்கு மேலாகப் பறந்து போனால் மட்டையடித்தவர் ஒரு அடியும் எடுத்து வைக்க வேண்டாம். ஆறு ‘ரன்’ கணக்கில் ஏறிவிடும். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் ‘ரன்’ என்றே எழுதுகின்றன. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் ‘ஓட்டங்கள்’ என்று எழுதுகின்றன. எனக்கு இலங்கை வழக்கு பிடித்திருக்கிறது. ஓடாமல் எடுத்த ஓட்டம் என்பதில் உள்ள முரண் ஆங்கிலத்திலும் அப்படியே இருப்பதுதான். அதற்காகத் தமிழ்ச் சொல் கூச வேண்டியதில்லை.

வங்கி மீது ஏற்படும் ‘ரன்’ வேறு வகை. பணம் போட்டவர்கள் பயந்துபோய் ஒரே நேரத்தில் அதைத் திரும்பக் கேட்பது அது. 2007 செப்டம்பர் 14 அன்று பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கியின் கிளைகள் முன்னால் மக்கள் வரிசையில் நின்றார்கள். முந்தைய நாள் இரவு, அந்த வங்கி இங்கிலாந்து மத்திய வங்கியிடம் அவசர உதவி கேட்ட செய்தி வெளியாகியிருந்தது. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். பெரும்பாலும் கணினி, கைபேசி வழியாக. வரிசைகூட இல்லை. ஓட்டம் என்பது இங்கே காலில் இல்லை, பணத்தில் இருக்கிறது.

தமிழ் ‘ஓடு’ என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். அது ஒரே சொல்லைக் கொழுக்க வைக்காமல் பிள்ளைகளைப் பெற்றுத் தள்ளியது: ஓடம், ஓடை, ஓட்டுநர், மின்னோட்டம், முன்னோட்டம், கண்ணோட்டம். திருக்குறளின் 58ஆம் அதிகாரத்தின் பெயர் கண்ணோட்டம். அங்கே அதற்கு இரக்கம் என்று பொருள்: கண் மற்றவர்மேல் ஓடிச் சென்று தங்குவது. இன்று அதே சொல்லைப் ‘பார்வைக் கோணம்’ என்ற பொருளில் புழங்குகிறோம். இரக்கம் கழன்று கருத்து மட்டும் மிஞ்சியது பெரிய இழப்பு.

‘வெள்ளோட்டம்’ இன்னும் உயிரோடு இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. புதுத் தேர் செய்து முடித்ததும், உற்சவரை ஏற்றுவதற்கு முன் தேரை மட்டும் வடம் பிடித்து வீதி சுற்றி இழுப்பார்கள். அச்சு முனகுகிறதா, சக்கரம் ஒரு பக்கம் சாய்கிறதா, மூலை திரும்பும்போது முட்டுக்கட்டை பிடிக்கிறதா என்று தச்சர்கள் கூடவே நடந்து பார்ப்பார்கள். மூலைக்கு மூலை கட்டை போடுகிறவர் குனிந்தபடி சக்கரத்தோடு பேசாத குறையாக வருவார். இன்று மெட்ரோ ரயில் சோதனை ஓட்டத்துக்கும் செய்தித்தாள்கள் ‘வெள்ளோட்டம்’ என்று எழுதுகின்றன. மிகச் சரியான பயன்பாடு.

கடைசியாக, கணினி. துளையிட்ட அட்டைகளை எந்திரத்துக்குள் செலுத்திய காலத்தில் ஒரு முறை செலுத்துவது ஒரு ‘ரன்’. இன்று நம் மென்பொருள் அலுவலகங்களில் காதில் விழும் பேச்சு இது: ‘ரன் ஆகுதா?’ ‘ஆகலை.’ ‘இன்னொரு தடவை ரன் பண்ணிப் பாருங்க.’ இதைத் தமிங்கிலம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் கவனித்துக் கேளுங்கள். ஆங்கிலக் கையேட்டில் இரண்டு இடத்திலும் ஒரே வினைதான் இருக்கிறது. பேசுகிற இளைஞர்கள் யாரும் சொல்லித் தராமலே நிரல் தானாக இயங்குவதற்கு ‘ஆகு’ போடுகிறார்கள், தாங்கள் இயக்குவதற்குப் ‘பண்ணு’ போடுகிறார்கள். ‘ஓபன் ஆச்சு’, ‘ஓபன் பண்ணு’ என்பதும் அப்படியே. ‘இர்னன்’, ‘ஆர்னன்’ என்று பழைய ஆங்கிலத்தில் தனித்தனியே இருந்து பிறகு கரைந்துபோன எல்லையை, ஓடு–ஓட்டு என்று பழகிய நாக்கு அந்த ஆங்கிலச் சொல்லுக்குள்ளேயே மறுபடி போட்டுக்கொண்டு பேசுகிறது.