யேல் துரைக்கு வந்த கடிதம்

எங்கப்பா ஹார்பர்ல மூட்டை தூக்கினவர். சின்ன வயசில் ராயபுரத்திலிருந்து பாரீஸ் வரைக்கும் அவரோடு நடந்தே போவேன். உயர்நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், அம்பேத்கர் பெயரில் சட்டக் கல்லூரி பல காலம் நடந்த வளாகத்துக்குள், ஊசி மாதிரி உயர்ந்த ஒரு கல்லறை உண்டு. "யாரோடதுப்பா அது?" என்று ஒரு தடவை கேட்டேன். "யாரோ வெள்ளக்காரத் துரையோட புள்ளையாம்டா. செத்துப்போச்சாம், கட்டி வச்சிருக்கான்" என்றார். கொஞ்ச தூரம் போனபிறகு அவராகவே சொன்னார்: "நம்ம புள்ளைங்க செத்தா எந்த இடம்னு நமக்கே தெரியாது."

அந்தத் துரை எலிஹு யேல். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று சுமப்பது அவர் பெயரைத்தான். படிக்கிற பிள்ளைகளுக்கு அவர் கல்விக்கு வாரி வழங்கிய கொடையாளி. நமக்கு அவர் யார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

1649இல் பாஸ்டனில் பிறந்தவர். மூன்று வயதில் குடும்பத்தோடு இங்கிலாந்து போனார். திரும்ப அமெரிக்க மண்ணை மிதித்ததே இல்லை. 1672இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். 1680இல் கோட்டைக்குள் புதிதாகக் கட்டிய செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் ஹின்மர்ஸ் என்ற கம்பெனி அதிகாரியின் விதவையை மணந்தார். அந்தக் கோயிலில் நடந்த முதல் கல்யாணம் அது. 1687இல் கவர்னர் ஆனார்.

அதே 1687இல் இந்தக் கரையெங்கும் பஞ்சம். சோறில்லாத சனம் கோட்டையைப் பார்த்து வந்தது. கம்பெனி என்ன செய்தது? கஞ்சித்தொட்டி திறக்கவில்லை, கணக்குப் புத்தகத்தைத் திறந்தது. பஞ்சத்தால் ஏழைகள் மலிவாகக் கிடைக்கிறார்கள், அடிமை வியாபாரம் பெருகிவிட்டது, ஆகவே கப்பலேற்றும் ஒவ்வொரு அடிமைக்கும் ஒரு வராகன் வரி கட்ட வேண்டும் என்று செப்டம்பர் மாதம் கவுன்சில் தீர்மானம் போட்டது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் இந்தத் துறையிலிருந்து ஏற்றப்பட்டவர்கள் குறைந்தது 665 பேர். ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது 10 அடிமைகளையாவது கொண்டுபோக வேண்டும் என்ற விதியும் அவர் ஆட்சியில் நடைமுறையில் இருந்தது. அட்லாண்டிக்கின் நடுவில் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவில் கம்பெனித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது.

அந்தத் தீர்மானம் எழுதப்பட்ட சில மாதங்களில்தான் துரையின் மகன் டேவிட் செத்தான். மகனுக்குக் கல்லறை எழும்பியது. கப்பலேறிய பிள்ளைகளுக்கு ஒரு வராகன் ரசீது.

1688இல் இந்த ஏற்றுமதிக்குத் தடை வந்தது. கருணையால் வந்த தடை இல்லை. கோல்கொண்டாவைப் பிடித்த முகலாய ஆட்சி, தன் குடிகளைப் பிடித்து விற்கிறார்கள் என்று முறையிட்டது. புது எஜமானைப் பகைத்துக்கொள்ளக் கம்பெனிக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான்.

அந்த 665 பேர் யார்? கவுன்சில் ஏடு சாதி சொல்லவில்லை. ஆனால் பஞ்சத்தில் முதலில் விற்கப்படுகிறவன் யார் என்பது நமக்குத் தெரியாதா? நிலத்தோடு சேர்த்து ஆளையும் விற்ற நாடு இது. பண்ணையடிமை முறியை வெள்ளைக்காரன் கொண்டுவரவில்லை. நிலத்தில் கட்டிவைக்கப்பட்ட பறையரையும் பள்ளரையும் ஊர் ஏற்கெனவே விலைபேசிப் பழகியிருந்தது. கம்பெனி அந்தப் பழக்கத்துக்குக் கப்பலும் சாவடியும் வரியும் சேர்த்தது. அன்றைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழத்தில் நிற்கும். அலை தாண்டி மசூலாப் படகில்தான் சரக்கும் போகும், ஆளும் போகும். பிற்காலத்தில் ராயபுரத்தில் செயின்ட் பீட்டர்ஸ் கோயிலை எழுப்பிய படகோட்டிகளின் தொழில் அது. ஏழையின் துடுப்பில்தான் ஏழை கப்பலேறினான்.

யேல் துரை 1692இல் பதவியிழந்தார். ஏழைகளை விற்றதற்காக அல்ல. கம்பெனிக்குப் போகவேண்டிய லாபம் சொந்தப் பைக்குப் போனது என்று குற்றச்சாட்டு. விசாரணையெல்லாம் முடிந்து 1699இல் மூட்டை மூட்டையாகச் செல்வத்தோடு லண்டன் திரும்பினார். ஓய்வுபெற்ற பெரிய மனிதர். வைர வியாபாரம், ஓவியச் சேகரிப்பு. பணம் இருக்கிறவன் வீட்டுக்குக் கடிதம் வரும், இல்லையா? அவருக்கும் வந்தது.

அமெரிக்கக் குடியேற்றங்களின் முகவராக லண்டனில் இருந்த ஜெரமையா டம்மர் ஏற்கெனவே அவரை நச்சரித்துக் கொஞ்சம் புத்தகங்கள் வாங்கி அனுப்பியிருந்தார். 1718 ஜனவரியில் பாஸ்டன் பாதிரி காட்டன் மேதர் ஒரு கடிதம் போட்டார். கனெக்டிகட்டில் ஒரு கல்லூரி எழும்புகிறது, உதவினால் அதற்கு உங்கள் பெயரையே வைக்கலாம், பெற்ற பிள்ளைகளைவிட, எகிப்தின் பிரமிடைவிட அந்தப் பெயர் நிலைக்கும் என்பது அதன் சாரம். ஆண் வாரிசை இழந்த மனிதரிடம் எதைத் தொட்டுப் பேச வேண்டும் என்று பாதிரிக்குத் தெரிந்திருந்தது.

துரை 9 சிப்பம் சரக்கும் 417 புத்தகங்களும் முதலாம் ஜார்ஜ் மன்னரின் படமும் அனுப்பினார். சரக்கு 562 பவுனுக்கு விற்றது. அதில் காலிகோவும் மஸ்லினும் இருந்தன. எந்த ஊர்த் தறியில் நெய்த துணி அவை என்று ஏடு சொல்லாது. ஆனால் அவர் செல்வம் இந்தக் கரையின் துணியிலும் வைரத்திலும் விளைந்தது. நெய்தவன், சாயவேர் தோண்டியவன், வெளுத்தவன் பெயர் எந்தக் கல்லூரிக்கும் இல்லை. கம்பெனித் துணியை வெளுத்தவர்கள் நினைவாக நமக்கு இருப்பது வண்ணாரப்பேட்டை என்ற பெயர் மட்டும்தான்.

கடிதம் எழுதிய மேதரையும் கொஞ்சம் பார்ப்போம். அவர் வீட்டிலேயே ஒனெசிமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமை இருந்தார். அம்மைக்குக் கீறி மருந்து வைக்கும் முறையை அவரிடமிருந்துதான் மேதர் கற்றார். 1721இல் பாஸ்டனை அம்மை தாக்கியபோது அந்த அறிவு உயிர்களைக் காத்தது. இதே மேதர் நம் தரங்கம்பாடியில் இருந்த சீகன்பால்குவுக்கும் கடிதம் எழுதியவர். அந்தத் தரங்கம்பாடியில் 1707இல் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் டேனிஷ்காரர்களிடம் இருந்த 5 அடிமைகள். கடல் தாண்டி இவர்கள் கடிதம் பரிமாறிய இடத்திலெல்லாம் அடிமை நிற்கிறான். கடிதத்தின் நடுவில் அல்ல, ஓரத்தில்.

ஓரத்தில் நின்றவர் பேனா எடுத்ததும் உண்டு. அமெரிக்காவின் மூன்றாம் ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் 1809இல் ஓய்வுபெற்ற பிறகு கடிதங்கள் வந்து குவிந்தன. 1820இல் மட்டும் 1267 வந்ததாக அவரே எண்ணிச் சொன்னார். அந்தக் குவியலில், 1818 நவம்பரில், ஹன்னா என்ற பெண் எழுதியதும் ஒன்று. அவர் ஜெஃபர்சனின் அடிமை. வீடும் சாமானும் பத்திரமாக இருக்கின்றன என்று சொல்லிவிட்டு, கடவுளுக்குக் கீழ்ப்படிந்து நடக்கும்படி எஜமானுக்கே புத்தி சொல்லியிருக்கிறார்! 1814இல் எட்வர்ட் கோல்ஸ் என்ற இளைஞர், அடிமை ஒழிப்புக்குத் தலைமை தாருங்கள் என்று எழுதியபோது, வயதாகிவிட்டது என்று நழுவினார் ஜெஃபர்சன். அவர் செத்தபின் 1827இல் சுமார் 130 அடிமைகள் ஏலத்துக்கு வந்தார்கள். ஆனாலும் ஹன்னாவின் கடிதம் இருக்கிறது. சென்னைக் கரையில் கப்பலேறிய 665 பேரில் ஒருவர் எழுதிய ஒரு வரியும் யேலின் பெட்டிக்கு வந்துசேரவில்லை. எழுத்தை நமக்கு மறுத்தது வெள்ளைக்காரனுக்கு முந்தைய ஏற்பாடு.

யேலின் ஓவியம் ஒன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்தில் இருக்கிறது. துரைகள் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் ஒரு கறுப்புச் சிறுவன். கழுத்தில் வெள்ளிப் பட்டை. 2020இல் படத்தை இறக்கி, ஆராய்ந்து, 2022இல் மறுபடி மாட்டினார்கள். துரைகளின் பெயர்களைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். சிறுவனின் பெயர் கிடைக்கவில்லை. 2024 பிப்ரவரியில் அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்குப் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. நல்லது. அந்த மன்னிப்பு எண்ணூர் வரைக்கும், திருவொற்றியூர் வரைக்கும் வந்து சேர்ந்ததா? சேரிகள் எத்தனையில் அது படித்துக் காட்டப்பட்டது?

கடிதம் என்றால் எனக்கு இன்னொன்று ஞாபகம் வரும். 1946இல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்கு எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுக்கும் மனுவின் பிரதி வேண்டும் என்று கேட்டார். டுபாய்ஸ் அதே ஜூலையில் பதில் போட்டார். அது பெயர் வாங்கித் தருகிற கடிதம் இல்லை. விற்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் விசாரித்துக்கொண்ட கடிதம்.

இப்போதும் அந்தப் பக்கம் போனால் கல்லறை இருக்கும் திசையைப் பார்ப்பேன். குழந்தை செத்தால் யாருக்கும் துக்கம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அப்பா அன்றைக்குச் சொன்னதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 665 பேர் கப்பலேறிய கரையில் அவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை. அந்தக் கல்லில் செதுக்கப் பெயர் இல்லாவிட்டால் பரவாயில்லை, எண்ணையாவது செதுக்குவோம்.