பிறையெலும்பும் எக்ஸ் கதிர்ப் படமும்

மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளுள், கட்டைவிரல் பக்கத்துப் படகெலும்புக்கும் சுண்டுவிரல் பக்கத்து முப்பட்டை எலும்புக்கும் நடுவே அமைந்த பிறையெலும்பு, நெடுங்காலம் மருத்துவரின் தனிக் கவனத்தைப் பெறவில்லை. 1543-இல் வெளிவந்த தம் பெருநூலில் உடற்கூறியலாளர் வெசாலியஸ் இவ்வெட்டுக்கும் பெயரிடாமல் எண் மட்டுமே தந்தார். 1843-இல் பெஸ்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர், பிணக்கூறாய்வில் சிதைந்த பிறையெலும்பைக் கண்டு விவரித்தார். ஆயினும் உயிருள்ளவரின் கையில் அதைக் காண அன்று வழியில்லை.

1895-இல் ரோண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தபின் அவ்வழி பிறந்தது. வியன்னாவில் கதிர்ப்பட மருத்துவத்தைத் தனித்துறையாக வளர்த்தவர்களுள் ஒருவரான ராபர்ட் கீன்பாக், பிறையெலும்பு மெல்ல வலுவிழந்து தட்டையாவதை 1910-இல் விரிவாக எழுதினார். அந்நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. சுளுக்கில் தசைநார்களோடு இரத்த நாளங்களும் அறுபட, ஊட்டமின்றி எலும்பு மடிகிறது என்பது அவர் கருத்து. கதிர்ப்படத்தில் நாளம் தெரியாது என்பதால், இது கண்டு சொன்னதன்று, கருதிச் சொன்னதே.

1928-இல் சுவீடனின் ஹுல்டன், அதே வகைப் படங்களில் பிறையெலும்பை விட்டு முன்கையின் இரு எலும்புகளை அளந்தார். கட்டைவிரல் பக்கத்து ஆரை எலும்பைவிடச் சுண்டுவிரல் பக்கத்து அரந்தி எலும்பு குட்டையாக இருந்தோர், நலமுள்ளவர்களில் நூற்றுக்கு 23, நோயாளிகளில் 78. இவ்வேறுபாட்டின் பொருள் பிறையெலும்பின் அமைப்பில் இருக்கிறது. அதன்மேல் எந்தத் தசையின் நாணும் பற்றுவதில்லை. கீழே ஆரை எலும்பும் மேலே தலையுரு எலும்பும் நெருக்க, பக்கத்து எலும்புகள் இழுத்த வழியிலேயே அது சாய்கிறது. மணிக்கட்டு தாங்கும் பாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு ஆரை எலும்பின் வழியே செல்வதாகப் பிற்கால ஆய்வுகள் காட்டின. அரந்தி குட்டையானால் அப்பங்கு இன்னும் கூடி, பிறையெலும்பு மேலும் நெருக்குண்ணும்.

இதனால் ஆரை எலும்பைச் சிறிது குறுக்குதல், அரந்தியை நீட்டுதல் ஆகிய அறுவைகள், நோயின் காரணம் தீர்மானமாகும் முன்பே நடைமுறைக்கு வந்தன. பின்வந்த ஆய்வுகளுள் சில, ஹுல்டன் கண்ட அளவு வேறுபாட்டைக் காணவில்லை. சிலருடைய பிறையெலும்பு ஒரே நாளத்தை நம்பியிருப்பது தெரிந்தபின், கீன்பாக்கின் ஊட்டக் கருத்தும் மீண்டும் எடைபோடப்பட்டது. அரந்தி குட்டையாக இல்லாதவர்களுக்கெனத் தலையுரு எலும்பைக் குறுக்கி, பாரத்தைப் படகெலும்பின் பக்கம் திருப்பும் அறுவையும் பின்னர் உருவானது.