பாராட்டு மலரில் யாருக்கு இடம்?

அறிஞர் ஒருவருக்கு அறுபதோ எழுபதோ நிறையும்போது, அவருடைய மாணவரும் சகபாடிகளும் ஆளுக்கொரு கட்டுரை எழுதி, நூலாகத் தொகுத்து, அவர் கையிற் கொடுக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜேர்மன் சர்வகலாசாலைகளில் வேரூன்றியது. 'பெஸ்ட்ஷ்ரிப்ட்' என்பது அவர்கள் இட்ட பெயர். 'விழா எழுத்து' என்பது அதன் நேர்ப்பொருள். நம்மவர் வெளியிடும் மணிவிழா மலர்களும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. பொன்னாடையிலும் பணமுடிப்பிலும் மேலானது இந்த மரியாதை. அறிவுக்கு அறிவையே காணிக்கையாக்குவது அது. ஆயினும் ஒருவரைப் புகழ்வதற்கென்றே பலர் கூடுமிடத்தில், சரித்திரம் மெல்ல மெல்லப் புராணமாகிவிடும் அபாயமும் உண்டு. அந்த அபாயத்தை ஓர் உதாரணத்தின் வாயிலாக ஆராய்வதே நமது நோக்கம்.

அல்பேட் ஹொப்மன் 1906 ஜனவரி 11 ஆம் திகதி சுவிட்சர்லாந்தின் பாடன் நகரில், கருவிகள் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். சூரிச் சர்வகலாசாலையில் இரசாயனம் கற்று, 1929 இல் பாசல் நகரத்துச் சாண்டோஸ் கம்பனியின் ஆராய்ச்சிக்கூடத்திற் சேர்ந்தார். 1938 நவம்பர் 16 ஆம் திகதி அவர் ஆக்கிய ஒரு கூட்டுப்பொருள், அவ்வரிசையில் இருபத்தைந்தாவதானபடியால், எல்.எஸ்.டி.-25 எனப் பெயர் பெற்றது. கம்பனி அதிற் பயனெதனையும் காணவில்லை. ஐந்து ஆண்டுகள் அது கிடப்பிற் கிடந்தது. 1943 ஏப்ரல் 16 ஆம் திகதி அதனை மீண்டும் ஆக்கியபோது, தற்செயலாக உடலிற் கலந்த சிறு துளி அவருடைய மனநிலையை மாற்றிற்று. மூன்று நாள் கழித்து, ஒரு மில்லிகிராமின் நாலிலொரு பங்கைத் தாமே உட்கொண்டு பரிசோதித்தார். யுத்தகாலமாதலின் மோட்டார் வண்டி கிடைக்கவில்லை; சைக்கிளில் வீடு திரும்பினார். அந்தச் சைக்கிள் பயணம் உலகப் பிரசித்தி பெற்றுவிட்டது.

மனித மனத்தின் இயல்பை மாற்றும் இத்தகைய இரசாயனங்களின் ஆராய்ச்சியில் முன்னோடியான இவருக்கு, 1989 இல் கிறிஸ்டியன் ரேட்ஷ் என்ற ஜேர்மன் மானிடவியலாளர் பலரது கட்டுரைகளைத் தொகுத்து ஒரு பாராட்டு நூலை வெளியிட்டார். 2006 ஜனவரியில், நூறு வயது நிறைந்த ஹொப்மனையே முன்னிருத்திப் பாசல் நகரில் சர்வதேசக் கருத்தரங்கொன்று நடைபெற்றது. 2008 ஏப்ரல் 29 ஆம் திகதி அவர் காலமானார். இனியும் அவர் பெயரால் மலர்கள் வரலாம், வரட்டும். ஆனால், அத்தகைய மலர் ஒன்றைத் தொகுக்கப் புகுபவர் யாராருக்குக் கடிதம் எழுத வேண்டும்? எவரெவர் கதைக்கு இடம் ஒதுக்க வேண்டும்? இதுவே நமது வினா.

முதலில் மூலப்பொருளைப் பார்ப்போம். எல்.எஸ்.டி.யின் தாய்ப்பொருள், 'றை' என்னும் தானியக் கதிரிற் பற்றும் ஏர்கொட் என்ற பூஞ்சணம். மத்திய கால ஐரோப்பாவில் அந்தத் தானியத்து ரொட்டியே ஏழைக் குடியானவனின் உணவு. பூஞ்சணம் பற்றிய ரொட்டியை உண்டவர்களின் கைகால்கள் எரிந்து கருகி அழுகி வீழ்ந்தன. 'புனித அந்தோனியாரின் நெருப்பு' என்று மக்கள் இந்நோயை அழைத்தனர். அதே பூஞ்சணத்தை மருத்துவச்சிகள் பிரசவத்தின்போது அளவறிந்து பயன்படுத்தினர் என்பதை 1582 இல் அடம் லொனிட்சர் என்ற வைத்தியர் எழுதி வைத்தார். எழுத்தறியாப் பெண்களின் அனுபவ அறிவு அவ்வாறுதான் முதன்முதலாக நூலேறிற்று. 1918 இல் சாண்டோஸின் ஆர்தர் ஸ்டோல் ஏர்கொட்டாமின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார். 1935 இல், பிரசவத்தின்பின் இரத்தப்பெருக்கைத் தடுக்கும் ஏர்கோமெட்ரின் கண்டறியப்பட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளின் ஆராய்ச்சியாளர் ஏறத்தாழ ஒரே காலத்தில் அதனை எட்டினர். ஹொப்மன் அதன் வழியே சென்று மெதேர்ஜின் என்னும் மருந்தை ஆக்கினார். எண்ணற்ற தாய்மாரின் உயிரைக் காத்த மருந்து அது. எம்மென்டால் பிரதேசத்து விவசாயிகள் தங்கள் வயலிற் பூஞ்சணத்தை வளர்த்துக் கொடுத்திராவிட்டால், கம்பனியின் கண்ணாடிக் குழாய்கள் வெறுமையாகவே இருந்திருக்கும்.

மருத்துவச்சியும் விவசாயியும் இல்லாத மலர், வேரில்லாத மரம்.

அடுத்து, அந்தச் சைக்கிள் பயணம். ஹொப்மன் அன்று தனியே செல்லவில்லை. ஆராய்ச்சிக்கூட உதவியாளரான ஓர் இளம்பெண் அவருடன் சைக்கிளிற் சென்று, அவரை வீடு சேர்த்தார். சூசி ராம்ஸ்டைன் என்பது அவர் பெயர். பின்னர் அவரும் தாமாக முன்வந்து அம்மருந்தை உட்கொண்டார்; அவ்வாறு செய்த முதற் பெண் அவரே. 1979 இல் வெளிவந்த ஹொப்மனின் சுயசரிதை நூல் அந்தப் பயணத்தை விவரிக்குமிடத்தில், 'உதவியாளர்' என்பதற்கு மேல் அவர் பெயரைச் சொல்லவில்லை. இது தனியொருவரின் குறையன்று. ஆராய்ச்சிக்கூடத்திலும் தொழிலைத் தலையென்றும் கையென்றும் பிரித்து, தலைக்குப் பெயரையும் கைக்குக் கூலியையும் கொடுக்கும் சமுதாய அமைப்பின் குறை.

இனி மெக்சிக்கோவுக்குச் செல்வோம். ஒஹாக்கா மாநிலத்து மலைகளில் ஹுவாவுத்லா என்ற ஊரில், மசாத்தெக் இனத்தவரான மரியா சபீனா என்ற வைத்தியப் பெண், நோயாளருக்காக இரவு முழுவதும் காளான் சடங்கு நடத்தி வந்தார். 1955 இல் அமெரிக்க வங்கியாளரான கோர்டன் வாசன் அதிற் கலந்துகொண்டார். 1957 இல் 'லைப்' சஞ்சிகையில் அதுபற்றி எழுதினார். அக்காளான்கள் பாசலுக்குச் சென்றன. 1958 இல் ஹொப்மன் அவற்றிலிருந்து சைலோசைபின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார். கம்பனி அதனை மாத்திரையாக்கிற்று. பாசலுக்குக் கீர்த்தி வந்தது. ஹுவாவுத்லாவுக்கு என்ன வந்தது? வேடிக்கை தேடிய அந்நியர் கூட்டம் வந்தது, பொலிசார் வந்தனர், மரியா சபீனாவின் வீடு தீக்கிரையாயிற்று. 1985 இல் அவர் வறுமையிலேயே இறந்தார்.

ஹொப்மனுக்குரிய நியாயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1962 இல் அவர் நேரே ஹுவாவுத்லாவுக்குச் சென்று, தாம் ஆக்கிய மாத்திரைகளை மரியா சபீனாவின் கையிற் கொடுத்து, அவருடைய தீர்ப்பைக் கேட்டார். காளானின் சக்தி மாத்திரையிலும் உண்டென அம்மூதாட்டி ஏற்றுக்கொண்டார். நவீன இரசாயனவியலாளர் ஒருவர் எழுத்தறியாத மலைநாட்டுப் பெண்ணைத் தம் ஆய்வின் நடுவராகக் கொண்ட அந்தக் காட்சி, எந்தப் பாராட்டு மலரின் முகப்பிலும் பொறிக்கத்தக்கது. கொடுக்கல் வாங்கல் அறிவிலே சமமாக நிகழ்ந்த அந்த ஒரு பொழுது, பொருளிலே சமமாக நிகழாதது ஏன் என்ற கேள்வியும் அதனருகிலேயே பொறிக்கப்பட வேண்டும்.

மலரின் இருண்ட பக்கத்தையும் கிழித்தெறிதல் ஆகாது. 1953 இல் அமெரிக்க உளவு ஸ்தாபனமான சி.ஐ.ஏ., மனித மனத்தை அடிமைப்படுத்தும் வழிதேடி, எம்.கே.அல்ட்ரா என்ற இரகசியத் திட்டத்தை ஆரம்பித்தது. அறிந்தும் அறியாமலும் பலருக்கு எல்.எஸ்.டி. ஊட்டப்பட்டது. கென்டக்கியின் லெக்சிங்டன் நகரில், கைதிகளான நோயாளர் சிலருக்கு எழுபத்தேழு நாட்கள் இடைவிடாது அது கொடுக்கப்பட்டது. அங்கு பரிசோதனைப் பொருளானவர்களிற் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். வாசனின் 1956 ஆம் ஆண்டு மெக்சிக்கோப் பயணத்தில், சி.ஐ.ஏ.யின் கூலி பெற்ற இரசாயனவியலாளர் ஒருவரும் கலந்திருந்தார். 1973 இல் அத்திட்டத்தின் ஆவணங்களிற் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. எஞ்சியவை 1975 இன் விசாரணைகளுக்குப் பின்னரே வெளிச்சத்துக்கு வந்தன. மருந்தைக் கண்டவர் இக்கொடுமைக்குப் பொறுப்பாளி அல்லர். அவர் அதனைத் தமது 'தொல்லைப் பிள்ளை' என்றே அழைத்தார். ஆயினும், பிள்ளையைத் தொல்லையாக்கியவர் யார் என்பதைச் சொல்லாத வரலாறு அரை வரலாறே.

இவற்றையெல்லாம் சேர்த்தால் ஹொப்மனின் பெருமை குறையாதா எனச் சிலர் கேட்கலாம். குறையாது. அவருடைய சிறந்த நூல்களே கூட்டு முயற்சியால் விளைந்தவை. 1978 இல் கிரேக்கரின் எலியூசிஸ் மறைச்சடங்கு பற்றிய நூலை வாசனுடனும் கார்ல் ரக்குடனும் சேர்ந்து எழுதினார். மனத்தை மாற்றும் தாவரங்கள் பற்றிய நூலைத் தாவரவியலாளர் ரிச்சர்ட் ஷுல்ட்ஸுடன் எழுதினார். தனியொருவனாக எதனையும் காண முடியாதென்பதை அவர் வாழ்க்கையே கூறுகிறது. அதனாலேயே பலர் கூடி இயற்றும் நூல் அவருக்குப் பொருத்தமான காணிக்கையாகிறது. 'பலர்' என்பது பேராசிரியர் பலர் என்று மட்டும் பொருள்படாதிருந்தால்.

எனவே தொகுப்பாளரின் கடிதங்கள் சர்வகலாசாலை முகவரிகளோடு நின்றுவிடக் கூடாது. மகப்பேற்று விடுதியின் மருத்துவமாது எழுதத் தயங்கினால், ஒருவர் சென்று கேட்டு எழுதட்டும். எம்மென்டால் விவசாயக் குடும்பத்தின் நினைவுகள் பதிவாகட்டும். மசாத்தெக் மக்கள் தம் மொழியிலே பேசட்டும். மொழிபெயர்ப்பு பக்கத்தில் வரட்டும். லெக்சிங்டன் கைதிகளுக்கென ஓர் அத்தியாயம் ஒதுக்கப்படட்டும். விலையும் மாணவன் வாங்கக்கூடியதாயிருக்கட்டும்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை அன்று. இன்று சைலோசைபினைக் கொண்டு மனச்சோர்வு நோயைத் தீர்க்கும் பரிசோதனைகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன. கம்பனிகள் அப்பொருளின் வடிவங்களுக்கும் பயன்பாடுகளுக்கும் காப்புரிமை கோருகின்றன. நாளை அம்மருந்து ஆஸ்பத்திரிக்கு வரும்போது, அதன் விலையை விதிப்பவர் யார்? இலாபத்திற் பங்கு கேட்க உரிமையுடையவர் யார்? இக்கேள்விகளுக்கு விடை தேடும்போது, யார் கண்டது, யார் கொடுத்தது, யார் துன்புற்றது என்று எழுதி வைத்த ஏடுகளே சாட்சியாக நிற்கும். பெயர் விடுபட்டவனின் பங்கும் விடுபட்டுப் போகும்.

பாராட்டு மலர் தொகுப்போர் சரித்திரம் எழுதுகிறோம் என்ற பொறுப்புணர்வோடு தொகுக்க வேண்டும். நமது நாட்டில் ஓர் ஆசிரியருக்கோ ஓர் அறிஞருக்கோ மலர் வெளியிடுவோருக்கும் இது பொருந்தும். பெரியவரை மனமாரப் பாராட்டுவோம். அவர் ஏறி நின்ற தோள்களுக்கு உரியவர்களின் பெயர்களையும் அதே எழுத்தில், அதே பக்கத்தில் அச்சிடுவோம்.